பேர் வெட்டிய குடம்

சேரன்மகாதேவி
3-9-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகன்யா எழுதுகிறேன். வீட்டில் மூன்று பேரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஏதாவது வேலை சொன்னால்தான் வரும். அங்கே உன் சளி விட்டதா?

மாதத்துக்கு ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்து நீ பேசுகிற ஐந்து நிமிஷத்தையும் அம்மாவே எடுத்துக்கொள்கிறாள். அருணாச்சலத்தில் நீங்கள் ரோடு போடுகிற இடத்தில் டவர் இல்லாதது ஒருவகையில் எனக்கு நல்லது. கடிதத்தை இடையில் யாரும் பிடுங்க முடியாது.

எங்கள் கூட்டாஞ்சோறு கலைக்குழுவுக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்பாத்துரை அண்ணாச்சியின் பழைய அரிசி ஆலை. சித்திரையில் இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார். "அதுவரைக்கும் சும்மாதான கெடக்கு, என்னமும் செய்யுங்க. பாம்பு கடிச்சா எங்கிட்ட வரப்படாது" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். பிப்ரவரி கடைசியில் மூன்று நாள். ஆலைக்குள் கண்காட்சி, வெளியே நெல் காயப்போடுகிற களத்தில் நாடகமும் பாட்டும்.

எதைக் காட்டுவது என்று எங்களுக்குள் பெரிய சண்டை. ஓவியம் வைப்போம் என்றார் மைக்செட் செந்தூர்பாண்டி. பீடி சுற்றுகிற இன்பமணி அக்கா, "படத்த யாரு பாக்கப்போறா? எங்க வீட்டுப் பரணப் பாருங்க" என்று ஒரு தாம்பாளத்தை இறக்கிக்கொண்டு வந்தார். யார், யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று அதில் பேர் வெட்டியிருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அக்கா ஒரு மணி நேரம் பேசினார். யாரும் எழுந்து போகவில்லை.

அதனால் பாபநாசத்திலிருந்து கடல் வரை, ஆற்றோரத்து வீடுகளில் பேர் வெட்டிய பாத்திரங்களாக இரவல் வாங்கப்போகிறோம். ஒரே ஒரு விதி. பாத்திரம் தருகிறவர் ஒருநாளாவது அதன் பக்கத்தில் நின்று, கேட்கிறவர்களுக்கு அதன் கதையைச் சொல்ல வேண்டும்.

நீ டவுன் பாத்திரக்கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தவன். என்ன வேலை என்று நான் கேட்டதே இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு? இப்போது கேட்கிறேன். எழுத்து கெடாமல் பாத்திரத்தை விளக்குவது எப்படி?

பதிலை எதிர்பார்க்கும்,
சுகன்யா

*

சாலைப் பணி முகாம், அருணாச்சலம்
24-9-2025

அன்புத் தங்கைக்கு,

மாரிராஜ் எழுதுவது. சளி போய்விட்டது, இருமல் வந்திருக்கிறது. நான் ஓட்டுகிற புல்டோசர் ஓடுகிறவரை நானும் ஓடுவேன். அப்பாவின் முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தடவச் சொல். அவர் அதைத் தலைக்குத் தேய்ப்பதாக அம்மா சொன்னாள்.

உன் கடிதத்தை முகாமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பீகார்க்காரர் ஒருவர், பாத்திரத்தில் ஏன் பேர் எழுத வேண்டும், எங்கள் ஊரில் திருடர்களே இல்லை என்கிறார். நான் என்ன சொல்ல?

எழுத்தின் மேல் சாம்பல், செங்கல்பொடி எதுவும் படக்கூடாது. புளித்தண்ணீரில் துணியை நனைத்துப் பையத் துடைத்தால் போதும். பேருக்குக் கீழே தேய்த்த தடம் தெரிந்தால் அது வேறு யாரோ கொடுத்ததை அழித்துவிட்டு, இன்னொரு கல்யாணத்தில் கொடுத்தது. அதைக் கண்டுபிடித்தாலும் வெளியே சொல்லிவிடாதே. இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விடும்.

கடையில் நானும் ஒரு ஆளாக இருந்தேன். வேறொன்றும் இல்லை.

அனைவருக்கும் என் அன்பு.
மாரிராஜ்

*

சேரன்மகாதேவி
18-10-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமலுக்குச் சித்தரத்தைப் பொடி இதோடு வைத்திருக்கிறேன். கடிதத்தில் மணம் வந்தால் அதுதான் காரணம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, மற்றபடி எல்லோரும் சுகம்.

நூற்று நாற்பது பாத்திரம் சேர்ந்துவிட்டது. களக்காட்டுக்காரர் ஒருவர் தூக்குவாளி தந்துவிட்டு மூன்று தடவை போன் பண்ணினார், "ஏ தாயி, அதுல மோர் கீர் ஊத்தி வச்சிராதீக" என்று. நீ சொன்ன தேய்த்த தடம் ஏழு பாத்திரத்தில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் பார்த்தேன். வெவ்வேறு ஊர், வெவ்வேறு வீடு. ஆனால் சில பாத்திரங்களில் ஒரே கையெழுத்து. ரகரத்தின் காலைக் கொஞ்சம் நீட்டி, முடிவில் ஐந்து புள்ளி வைத்துச் சின்னப் பூ. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. யார் இந்த ஆள் என்று எனக்கு ஒரே ஆர்வம். செந்தூர்பாண்டி அண்ணனோடு டவுனுக்கே போய் விசாரிக்கலாம் என்று இருந்தேன்.

நேற்று நம் வீட்டில் காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தேன். அடியில் 'சுகன்யா', ஐந்து புள்ளிப் பூ.

அம்மாவிடம் கேட்டால், "ஏட்டி, ஒனக்குத் தெரியாதா? அவன்தான கடையில பேரு வெட்டிக்கிட்டு இருந்தான்" என்கிறாள், இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே. பத்து வருஷமாக அதில்தான் காப்பி குடிக்கிறேன் அண்ணா. நீ ஏன் சொல்லவில்லை?

கண்காட்சியில் கால்வாசிக்கு மேல் உன் கைதான். எப்படி வெட்டுவாய், யார் சொல்லித் தந்தார்கள், ஏன் பூ, எல்லாவற்றையும் எழுது.

இப்படிக்கு,
உன் கையெழுத்தில் காப்பி குடிக்கும் சுகன்யா

*

பணி முகாம்
10-11-2025

அன்புத் தங்கைக்கு,

பொடி வந்தது, இருமல் குறைந்தது. குளிர் இறங்கிவிட்டது, காலையில் டோசர் எழுந்திருக்க அடம்பிடிக்கிறது.

சொல்ல அதில் என்ன இருக்கிறது? பேனா மாதிரி ஒரு கருவி, கரண்டில் ஓடும், கை நடுங்கும். சாயங்காலம் சோற்றைப் பிசைந்தாலும் விரல் நடுங்கும். பில் போடுகிற இடத்தில் பேரைச் சீட்டில் எழுதிப் பாத்திரத்தோடு அனுப்புவார்கள். நான் அதைப் பார்த்து வெட்டிவிட்டு, சீட்டை மடித்து அதே பாத்திரத்துக்குள் போட்டுவிட வேண்டும். வாங்கினவர்கள் வீட்டில் போய்ச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

ஒரு நாளைக்கு இருநூறு பேர் வெட்டுகிறவன் பேரைப் படிக்க மாட்டான். எழுத்தை மட்டும்தான் பார்ப்பான். படித்தால் கை நின்றுவிடும். பூ வைத்தது எதற்கென்றால், கருவியை அணைக்கும்போது அது தானாக நாலு குத்துக் குத்தும். அசிங்கமாக இருந்தது, ஐந்தாகச் சேர்த்துப் பூ ஆக்கினேன்.

கடல் வரை போகத்தான் வேண்டுமா? ஆழ்வார்திருநகரியோடு நிறுத்திக்கொள்ளுங்களேன். இவ்வளவு பாத்திரத்தை எங்கே தொங்கவிடுவீர்கள்?

அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்.
மாரிராஜ்

*

சேரன்மகாதேவி
2-12-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அங்கே கம்பளி போதுமா? அம்மா இன்னொன்று அனுப்பச் சொல்கிறாள். நாங்கள் நலம்.

ஆறு எங்கே முடிகிறதோ அங்கேதானே நாங்களும் முடிக்க வேண்டும்? புன்னைக்காயல் போய்வந்தோம். மீனவர்களின் ஊர், கோவில் திருவிழா மாதிரி எங்களைச் சுற்றிக் கூட்டம். மத்தியாஸ் என்பவர் வீட்டில் அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள் முதலில் ஒன்றுமில்லை என்றுவிட்டார். நாங்கள் தெருமுனை திரும்பும்போது கூப்பிட்டார். பரணிலிருந்து சாக்கு சுற்றிய ஒரு எவர்சில்வர் குடம். அடுப்பும் தண்ணீரும் பார்க்காத புதுக்குடம். "கொண்டு போங்க மக்கா. எங்க வீட்டுப் பேரு மட்டும் வெளிய வரவேண்டாம்" என்றார். அப்படியானால் பக்கத்தில் வந்து நிற்க மாட்டீர்களா என்றேன். குடத்தை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேனில் சாக்கைப் பிரித்தேன். 'மாரிராஜ் – அஞ்சலின், 12-9-2016'. ஐந்து புள்ளிப் பூ.

இந்த ஜில்லாவில் நூறு மாரிராஜ் இருப்பார்கள், தெரியும். யார் அந்த மாரிராஜ் அண்ணா? நீ வெட்டினதுதானே, நினைவிருக்கும்.

சுகன்யா

*

சேரன்மகாதேவி
6-1-2026

அண்ணனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்பதே தெரியவில்லை. ஒரு மாதமாகப் பதிலும் இல்லை, போனும் இல்லை. "பனியில ரோடு அடச்சிருக்கும்" என்று அம்மா எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, அவள் சாப்பிடாமல் இருக்கிறாள்.

வேலை நடக்கிறது. ஆலையின் உத்தரத்தில் கயிறு கட்டிவிட்டோம். இன்பமணி அக்காவும் பீடிக்காரப் பெண்களும் களத்தில் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒருவர் பாத்திரத்துப் பேரைக் கூப்பிட, மற்றவர்கள் கரண்டியால் தட்டிப் பதில் சொல்கிறார்கள். அப்பாத்துரை அண்ணாச்சி ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். மறுநாள் அவர் வீட்டு அண்டா வந்து சேர்ந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் நீ இரண்டு தடவைதான் ஊருக்கு வந்தாய். இரண்டு தடவையும் டவுன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கடல்பக்கம் போகாதே என்று எழுதினாய். முதலாளியோடு சண்டை, அதனால்தான் கடையை விட்டு வடக்கே போனாய் என்று அம்மா நம்புகிறாள். நான் நம்பவில்லை.

அந்தக் குடத்தை மாட்டவா, வேண்டாமா? நீ சொல்கிறபடி.

சுகன்யா

*

பணி முகாம்
20-1-2026

சுகன்யா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவைச் சாப்பிடச் சொல். பனியும் கொஞ்சம் அடைத்திருந்தது, நானும் எழுதவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த மாரிராஜ் நான்தான்.

பில் போடுகிற இடத்தில் அஞ்சலின் இருந்தாள். மூன்று வருஷம் அவள் சீட்டு எழுதுவாள், நான் வெட்டுவேன். மத்தியானம் சாப்பிடும்போது என் டப்பா மூடியில் ஒரு துண்டு மீன் வைப்பாள். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதற்குமேல் நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. பிறகு அவளுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை பேர் ஜோன்ஸ், தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. சீர்ப் பாத்திரம் எங்கள் கடையிலேயே எடுத்தார்கள். இருபத்தொன்று. சீட்டுகளை அவளே எழுதினாள், நான் ஒரே மூச்சில் வெட்டி முடித்தேன்.

வேனில் ஏற்றும்போது குடத்தைத் துடைத்தேன். அப்போதுதான் படித்தேன். ஜோன்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் என் பேர். மனசில் கிடந்தது என்னை அறியாமல் கைவழியாக இறங்கிவிட்டது.

எந்திரத்தில் பிடித்துத் தேய்த்தால் பேர் அழிந்திருக்கும், அரைமணி நேர வேலை. பயந்துவிட்டேன். சாக்கைச் சுற்றி வேனில் ஏற்றிவிட்டு, மறுநாள் ரயிலேறினேன். ஒரு பெண்ணின் கல்யாணச் சீரில் இன்னொருத்தன் பேர். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அதைப் பிரித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்பது வருஷமாக அதை நினைக்காமல் ஒருநாளும் நான் தூங்கியதில்லை.

மாட்டாதே. ஆனால் ஒன்று மட்டும் கேட்டு எழுது. என்னால் அந்தக் கல்யாணம் நின்றதா?

மாரிராஜ்

*

சேரன்மகாதேவி
9-2-2026

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் உனக்குத்தான் நலம் கேட்கிறேன். அம்மா சாப்பிடுகிறாள். உன் கடிதத்தை நான் அவளுக்குக் காட்டவில்லை. நான் மட்டும் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன், உன்மேல் கோபமும் வந்தது.

மறுநாளே புன்னைக்காயல் போனேன். நான் மாரிராஜின் தங்கை என்று சொல்லிவிட்டேன். இஞ்ஞாசியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார்.

"சாக்கப் பிரிச்சது நான்தான். ஒருத்தர் கண்ணுலயும் காட்டல. அப்பிடியே பரண்ல ஏத்திட்டேன்."

"அப்போ கல்யாணம்?"

"மூணாவது ஓலை வாசிக்கிறதுக்கு முந்தி எம் மகளே வேண்டாம்னுட்டா. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு கோவில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. சாமியார் கேட்டாவ, அவ அப்பா கேட்டாவ, காரணம் சொல்லல. ஜோன்ஸுக்கு வேற எடத்துல முடிஞ்சு ரெண்டு பிள்ளை இருக்கு."

"குடத்தாலயா?"

"குடத்த அவகிட்ட நான் காட்டவே இல்லியே. ஆனா அவ குடத்தத்தான் தேடுனா. இருவது பாத்திரத்தையும் பிரிச்சுப் போட்டு, கொடம் எங்கம்மான்னு கேட்டா. கடையில விட்டுப்போச்சுன்னு சொன்னேன். மறுநாள் கடைக்கே போனா."

பிறகு அவர் சொன்னது இது: "வச்சிருக்கவும் முடியல, தூரப்போடவும் முடியல. பேரு வெட்டின பாத்திரத்த என்ன செய்ய, சொல்லு."

ஆகவே அண்ணா, உன்னால் கல்யாணம் நிற்கவில்லை. அந்த மட்டில் நீ தூங்கு. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. காணாமல் போன குடத்தை அவள் ஏன் தேட வேண்டும்?

அஞ்சலின் தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிறார். தனியாகத்தான் இருக்கிறார். குடத்தில் உன் பேர் மட்டும் இல்லை, அவர் பேரும் இருக்கிறது. மாட்டுவதா வேண்டாமா என்று சொல்ல அவருக்கும் உரிமை உண்டு. விவரத்தை எழுதி, அழைப்பிதழோடு அனுப்பிவிட்டேன். "தவக்காலம், ஈஸ்டர் முடியிறவரைக்கும் கூத்துப் பாக்க எங்க ஆளுக வரமாட்டாவ" என்றார் இஞ்ஞாசியம்மாள். பார்ப்போம்.

அம்மா இன்னொரு உத்தரவு போட்டிருக்கிறாள். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதாம். இருநூற்றுப் பத்துப் பாத்திரத்துக்கும் ஆளுக்கொரு பிடி அரிசியும் ஒரு அச்சு வெல்லமும். செந்தூர்பாண்டி அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

சுகன்யா

*

சேரன்மகாதேவி
3-3-2026

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். எனக்குத் தொண்டை மட்டும் போய்விட்டது, மூன்று நாள் கத்தினதில். இதை நீ உட்கார்ந்து படி.

திறப்புக்கு முந்தின நாள் குடம் தவிர எல்லாவற்றையும் மாட்டிவிட்டோம். மத்தியானம் தூத்துக்குடியிலிருந்து போன். "மாட்டுங்க. ஞாயித்துக்கிழமை வாரேன்." அவ்வளவுதான். எல்லாவற்றையும் கவிழ்த்துத்தான் மாட்டியிருந்தோம், கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு வாயோரத்தில் வெட்டிய எழுத்து தெரிய வேண்டுமென்று. செந்தூர்பாண்டி அண்ணன் ஏணியில் நின்று குடத்தைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து மடித்த ஒரு சீட்டு என் காலடியில் விழுந்தது.

அதை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படித்து முடி.

வெள்ளியும் சனியும் கூட்டம் சொல்லி மாளாது. தேய்த்த தடத்தை யாரோ ஒரு பாட்டி கண்டுபிடித்து, நீ சொன்னபடியே சண்டை. அதைப் பார்க்கவே இன்னும் நூறு பேர் வந்தார்கள். ஆறு மணிக்கு இன்பமணி அக்கா களத்தில் நின்று பேர்களைக் கூப்பிடுவார். செத்துப்போனவர்கள் பேரும் வரும். அவர்களுக்கும் கரண்டி தட்டினார்கள். அப்பா முழங்கால் வலியை மறந்து மூன்று நாளும் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அஞ்சலின் வந்தார். நீலச் சேலை, கையில் ஒரு பர்ஸ். எதுவும் கேட்காமல் நேரே குடத்தின் கீழே போய் நின்றுகொண்டார். நான் தள்ளி நின்றேன். பத்தமடைப் பக்கத்து அம்மா ஒருவர் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டார்.

"யாரு தாயி மாரிராஜு? ஒங்க வீட்டுக்காரரா?"

"இல்ல. பேரு வெட்டுனவரு."

"வெட்டுதவன் தன் பேரையா வெட்டுவான்?"

"சீட்டுல இருந்தத வெட்டுனாரு. சீட்டு நான் எழுதுனது."

அந்த அம்மா அஞ்சலினின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். நான் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வாயால கேக்க எனக்குத் தைரியமில்ல. கடைசிச் சீட்டுல எழுதிட்டேன். வெட்டி முடிச்சிட்டு நிமிந்து பாப்பாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவரு அடுத்த பாத்திரத்த எடுத்துட்டாரு. மறுநா வந்தா, ஆளு ஊர விட்டே போயிட்டாருன்னாவ. சரி, அதுதான் பதிலுன்னு நெனச்சிக்கிட்டேன்."

நீ பேரைப் படிக்க மாட்டாய், எழுத்தைத்தான் பார்ப்பாய் என்று நான் சொன்னேன். தன் கைதான் தப்புப் பண்ணிவிட்டது என்று ஒன்பது வருஷமாக நீ பயந்துகொண்டிருந்ததையும் சொன்னேன். அவர் ஆலை அதிரச் சிரித்தார். பிறகு குடத்தின் கீழேயே உட்கார்ந்து அழுதார். ஏழு மணிவரை இருந்து கரண்டி தட்டிவிட்டுப் போனார். அவர் பேரைக் கூப்பிட்டபோது அவரே தட்டினார். உன் பேருக்கும்.

நாளை முதல் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கிறோம். அப்பாத்துரை அண்ணாச்சி ஆலையை இடிப்பதை ஒரு மாதம் தள்ளிவைத்திருக்கிறார், மனசு கேட்கவில்லையாம். குடத்தில் என்ன போட்டு அனுப்ப?

இனி சீட்டைப் பார்.

சுகன்யா

*

பணி முகாம்
22-3-2026

அன்புத் தங்கைக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். தொண்டைக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளி.

சீட்டைப் பிரித்தேன். 'குடம் 1. மாரிராஜ் – அஞ்சலின்.' ஜோன்ஸ் என்று எழுதி அடித்துக்கூட இல்லை. அவள் கையெழுத்தில் மூன்று வருஷத்துச் சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றையும் படித்ததில்லை. முதன்முதலாக ஒன்றைப் படித்தேன். டோசரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பீகார்க்காரர் வந்து கதவைத் தட்டினார். அவரிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார்.

ஒன்பது வருஷம் அவளை நிற்கவைத்துவிட்டேன் சுகன்யா. அவள் என்னை மன்னிப்பாளா என்று எனக்குத் தெரியாது, அதை உன் மூலம் கேட்கவும் மாட்டேன். வாயால் கேட்க வேண்டியதை இனி யாரும் எழுதிக் கேட்க வேண்டாம்.

லீவு கிடைத்துவிட்டது. ஈஸ்டர் முடிந்த மறுவாரம், ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி நெல்லை வந்து இறங்குவேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. நீ கடிதத்தைக் காட்டியிருக்க மாட்டாய், ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் குடத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதே. நானே புன்னைக்காயலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். வெறுங்குடமாகக் கொடுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். என்ன போடுவது என்று அம்மாவைக் கேட்டு வை.

மாரிராஜ்